ஏற்காட்டில் மரம் வெட்டினால் நம் ஜீப் பாதைகள் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி, எஸ்டேட்டில் இருந்து வாங்கி ரெடி பண்ணின வில்லிஸ் ஜீப் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் நின்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம். மேலே போய் இறங்கியதும் கேட்கிற கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும்: போன வருஷம் போன வழி இந்த வருஷம் ஏன் பூட்டிக் கிடக்கிறது, திறந்திருக்கிற வழி ஏன் இப்படிக் கிழிந்து கிடக்கிறது? பெரும்பாலும் காரணம் மரம் வெட்டுதான். அது எப்படி நடக்கிறது, எப்போது நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும், எஸ்டேட்காரர்களோடு வரும் மனஸ்தாபமும் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரம் வெட்டுவதற்கும் நாம் வண்டி ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் ஓட்டுகிற பாதையே காப்பிக்கும் மரத்துக்கும் போட்டதுதான். 1820களில் அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அப்புறம் தோட்டங்கள் பெருகப் பெருக, மூட்டை இறக்க, உரம் ஏற்ற, நிழல் மரத்தை வெட்டி எடுத்துப் போக என்று சரிவெங்கும் முதலில் மாட்டுவண்டி அகலத்துக்கும் பிறகு லாரி அகலத்துக்கும் மண் ரோடு போட்டார்கள். இன்னும் சில ரோடுகள் பாக்சைட் எடுத்த காலத்தில் டிப்பர் லாரிக்காக வந்தவை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நினைத்து யாரும் இதையெல்லாம் வெட்டவில்லை.

அதனால் ஒரு சரிவில் மரம் இறக்க வேண்டி வந்தால் அங்கே ரோடு திறக்கும், புதர் வெட்டுவார்கள், ஜேசிபி வந்து வளைவை அகலப்படுத்தும். ஏற்றி முடித்தால் அந்த ரோட்டுக்கு வேலை இல்லை. சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள், இல்லையென்றால் ரெண்டு மழைக்காலத்தில் உண்ணிச்செடி மூடிவிடும். ஒரு தடம் திறப்பதும் கெடுவதும் மூடுவதும் அந்தச் சரிவில் எப்போது மரம் வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

யார் வெட்டுகிறார்கள்? காட்டை அழிக்கிறார்களா?

நீங்கள் பார்க்கிற லாரிகளில் பெரும்பாலும் இருப்பது தனியார் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம், காப்பிக்கு நிழலுக்காக நட்டது. நேராக, வேகமாக வளரும், மிளகுக் கொடி அதில் ஏறும், பிளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் போகும். காப்பி விலை சரிந்த வருஷத்தில், வீட்டில் கல்யாணம் வந்தால், கடன் நெருக்கினால் தோட்டக்காரருக்குக் கை கொடுப்பது இந்த மரம்தான்.

பட்டா நிலத்து மரம் என்றாலும் இந்த மாதிரி மலைப்பகுதியில் நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி மனுப் போட்டு, அதிகாரிகள் வந்து பார்த்து, குழு அனுமதி கொடுத்த பிறகுதான் ரம்பம் வைக்கலாம். அரசின் காப்புக்காடான ரிசர்வ் காடு இன்னும் கடுமை. 1996 டிசம்பர் 12ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புக்கொண்ட வேலைத் திட்டத்தின்படி மட்டும்தான் காட்டு மரத்தில் கை வைக்கலாம். ஆகவே ரிசர்வுக்குள் ராத்திரியில் ரம்பச் சத்தம் கேட்டால் அது திருட்டு வெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிட்டே போய்ப் பார்க்காதீர்கள், கீழே வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒரு பாதையில் வெட்டு வரப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

மரத்தைப் பார்த்தாலே தெரியும். ரோட்டோர சில்வர் ஓக்கில் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி, அந்த வெள்ளை இடத்தில் பெயின்ட்டால் நம்பர் எழுதியிருப்பார்கள். நம்பர் புதிதாக இருந்தால் ஓரத்தில் ஈரம் காய்ந்திருக்காது, பழையது என்றால் பட்டை மடிந்து எழுத்தை விழுங்க ஆரம்பித்திருக்கும். அடுத்த அடையாளம் மிளகுக் கொடி. நம்பர் போட்ட மரத்தில் கொடியை அறுத்துக் கீழே இறக்கிப் போட்டிருந்தால் வெட்டு நெருங்கிவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் காய்க்கிற கொடியை யாரும் சும்மா அறுக்க மாட்டார்கள். வளைவுகளில் புதிதாக மண் தள்ளியிருப்பது, மேட்டில் மரம் அடுக்க ஒரு இடத்தைச் சமன் செய்திருப்பது, இதெல்லாம் அதற்கு அடுத்த கட்டம்.

இன்னும் எளிய வழி டீக்கடை. நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ ஒரு டீ குடித்துவிட்டு "இந்தப் பக்கம் மரம் இறங்குதுங்களா" என்று கேளுங்கள். எந்தத் தோட்டம், யார் காண்ட்ராக்ட், எத்தனை நாள் வேலை என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

எந்த மாதங்களில் அதிகம்?

பழம் பறித்து முடித்ததும், மழைக்கு முன்னால். அதாவது பிப்ரவரியில் இருந்து மே வரை. ரோடு காய்ந்திருக்கும், லாரி ஏறும், பறிப்பு ஆட்களும் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள். நமக்கும் பிரியமான மாதங்கள் அதேதான், கோடை விழாக் கூட்டமும் மே மாதம்தான், அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் மோதுகிறது.

வெட்டு நடக்கும்போது ஓரமாகப் போய்விட்டு வந்துவிடலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

காப்பித் தோட்டத்தில் மரம் சாய்ப்பது திறந்த வெளியில் சாய்ப்பது போல இல்லை. கீழே காப்பிச் செடி நசுங்கக் கூடாது என்பதற்காக முதலில் ஒருவர் மரத்தில் ஏறிக் கிளைகளைக் கழிப்பார், பிறகு உச்சியில் கயிறு கட்டி நாலைந்து பேர் இழுத்துப் பிடிக்க, அடியில் ரம்பம் ஓடும். செடி இல்லாத இடம் எது? ரோடு. ஆகவே மரத்தைப் பெரும்பாலும் ரோட்டைப் பார்த்துத்தான் சாய்ப்பார்கள். ரம்பச் சத்தத்தில் உங்கள் வண்டிச் சத்தம் அவர்களுக்குக் கேட்காது, வளைவுக்கு அந்தப் பக்கம் கயிறு குறுக்கே போவது உங்களுக்குத் தெரியாது. சாய்த்த பிறகும் பக்கத்து மரத்தில் முறிந்த கிளைகள் தொங்கிக்கொண்டிருக்கும், காற்றடித்தால் எப்போது வேண்டுமானாலும் விழும்.

ரோட்டில் பச்சைத் தழையோ ஒரு கிளையோ குறுக்கே போட்டிருந்தால் அதுதான் அங்கே போர்டு. இறங்கி நகர்த்திவிட்டுப் போகாதீர்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, குரல் கொடுங்கள். மேஸ்திரி வந்து "லோடு கட்டிட்டு இருக்கோமுங்க, ஒரு மணி நேரம் ஆகும்" என்றால் ஒரு மணி நேரம் காத்திருங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். லோடு லாரி இறங்கி வருகிறது என்றால் பின்னால் போய் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான், பாரத்தோடு சரிவில் நின்ற லாரியை மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த டிரைவரைக் கேட்டால் தெரியும்.

லோடு போன பிறகு ரோடு ஏன் அப்படி ஆகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "லாரிக்காரன் கெடுத்துட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

முதல் விஷயம் எடை. லாரியின் பின் அச்சு ஒன்றின் மேல் சட்டப்படியே 11.5 டன் வரை ஏறலாம். உங்கள் ஜீப் மொத்தமே ஏறக்குறைய இரண்டு டன்தான். நம்மூர் செம்மண் காய்ந்திருந்தால் அந்த எடையை ஓரளவு தாங்கும், உள்ளே ஈரம் இருந்தால் அப்படியே இறங்கிவிடும், இறங்கிய இடத்தில் மண் இறுகித் தண்ணீர் குடிக்காத தொட்டியாகிவிடும்.

இரண்டாவது, இழுப்பு. சரிவில் வெட்டிய தடியை ரோட்டுக்குக் கொண்டுவர டிராக்டரில் சங்கிலி போட்டு இழுப்பார்கள். தடியின் முனை மண்ணை உழுதுகொண்டே வரும், ரோட்டின் உள்பக்க வாய்க்காலைத் தூர்த்துவிட்டு வரும். பழைய எஸ்டேட் ரோடுகளை உற்றுப் பாருங்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை ரோட்டின் குறுக்கே சாய்வாக ஒரு சின்ன மேடும் பள்ளமும் இருக்கும். வண்டி ஓட்டும்போது குலுக்கலாகத் தெரியும். ரோட்டில் ஓடுகிற தண்ணீரைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிவிடுவதற்காக அந்தக் காலத்தில் யோசித்து வைத்தது அது. லாரி ஏற வசதியாக ஜேசிபி முதலில் சமன் செய்வதும் அதைத்தான்.

மூன்றாவது, மழை. திருப்பிவிட மேடு இல்லை, வாய்க்காலில் பட்டையும் தழையும் அடைத்துக் கிடக்கிறது, நடுவில் ரெண்டு சக்கரத் தடம் பள்ளமாக இருக்கிறது. தண்ணீர் வேறு எங்கே போகும்? மே மாதம் கணுக்கால் ஆழம் இருந்த தடம் வடகிழக்கு மழை முடியும்போது முழங்காலைத் தாண்டியிருக்கும்.

நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேட்டுப் பக்கம் வெட்டிய மரத்தின் வேர் உடனே விட்டுவிடாது, மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், அது மக்கி முடிய சில வருஷம் ஆகும். ஆகவே வெட்டிய வருஷம் நன்றாக இருந்த மேடு நாலு வருஷம் கழித்து ஒரு பெரிய மழையில் ரோட்டின் மேல் வந்து உட்காரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தார் ரோட்டுக்கே அந்த நிலை என்றால், யாரும் பராமரிக்காத மண் தடங்களில் சரிந்த மண்ணை அள்ளக்கூட ஆள் வராது. அப்படியே போன பாதைகள் இருக்கின்றன.

அந்த மாதிரிப் பள்ளத்தில் ஓட்டுவதுதானே ஆஃப்ரோடு?

காய்ந்த காலத்தில், தோட்டக்காரர் அனுமதியோடு, சக்கரத்தைத் தடத்தின் மேட்டில் வைத்து ஓட்டிப் பழகினால் நல்ல பயிற்சிதான். மழையில் வேண்டாம். ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குறைந்த கியரில், நாலு சக்கரமும் சுற்றி நீங்கள் தோண்டும் ஒவ்வொரு அங்குலமும் அடுத்த மழைக்கு வாய்க்கால். பள்ளத்தைத் தவிர்க்கிறேன் என்று பக்கத்தில் காப்பிச் செடி மேல் புதுத் தடம் போடுவது அதைவிட மோசம், ஒரு செடி காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும்.

வருஷக்கணக்கில் போன வழி. இப்போது கேட் போட்டுப் பூட்டினால் நமக்கு உரிமை இல்லையா?

இல்லை. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இல் வந்தது. அதன்படி இருபது வருஷம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையாகவே ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் வழியுரிமை கோரலாம். ஆனால் அது பின்னால் நிலம் வைத்திருப்பவருக்கு, அந்த நிலத்துக்குப் போக. ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிற நமக்கு அங்கே நிலமும் இல்லை, நாம் போனதும் வாட்ச்மேன் விட்டதால். அவர் விடுவதை நிறுத்தினால் விஷயம் முடிந்தது.

கேட் ஏன் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். வெட்டி அடுக்கிய தடி பல லட்ச ரூபாய் சரக்கு, ராத்திரியில் வண்டி வந்தால் களவு போகும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் சந்தன மரத்துக்குப் பேர் போன மலை, சந்தனத் திருட்டை அனுபவித்த தோட்டக்காரர் தெரியாத ஜீப்பைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் பூட்டத்தான் செய்வோம்.

ரிசர்வ் ஃபாரஸ்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லையே?

எல்லையில் கற்குவியலோ நம்பர் எழுதிய கல்லோ இருக்கும், புதரில் மறைந்தும் இருக்கும். காப்பியும் சில்வர் ஓக்கும் முடிந்து கலப்பு மரமும் மூங்கிலும் தொடங்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள். தமிழ்நாடு வனச் சட்டமும் அதே 1882தான், ரிசர்வுக்குள் அத்துமீறி நுழைவதே அதில் குற்றம், மரத்தைத் தொட்டால்தான் என்று இல்லை.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது தீத்தடுப்புக் கோட்டில். கோடை தொடங்கும்போது வனத்துறை காட்டுக்குள் அகலமாகப் புல்லையும் சருகையும் வெட்டிச் சுத்தம் செய்து ஒரு பட்டை போடும். பார்க்க அருமையான ஜீப் ரோடு மாதிரியே இருக்கும். அது தீ தாண்டாமல் இருக்க வைத்தது, ரோடு இல்லை. காய்ந்த புல்லின் மேல் சூடான சைலன்சரோடு வண்டி போவதைவிட அந்த இடத்தில் செய்யக் கூடாத காரியம் வேறு கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்து போவதற்கே தனி விதிகள் வந்துவிட்டன.

மலைக் கிராமத்துக்காரர்கள் அதே காட்டு ரோட்டில் பைக்கும் ஜீப்பும் ஓட்டுகிறார்களே?

அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில், கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளிக்கூடம், ரோடு மாதிரியான வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் வன நிலம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஒரு ரோட்டுக்காக எத்தனை வருஷம் மனுக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள், பிரசவ வலி வந்தவரை டோலி கட்டித் தூக்கிவந்த மலைகள் இவை. அந்த ரோட்டில் நாம் போய்ச் சேறாக்கிவிட்டு வந்தால் திங்கட்கிழமை அவதிப்படுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பொது ரோடு என்றால் போகலாம், காய்ந்த நாளில், மெதுவாக, ரெண்டு மூன்று வண்டிக்கு மேல் இல்லாமல்.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுக்குள் தாராளமாக ஓட்டுகிறார்களே?

அங்கேயும் கதை மரம்தான். அமெரிக்க வனத்துறையின் கையில் சுமார் 6 லட்சம் கிலோமீட்டர் ரோடு இருக்கிறது, பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரம் எடுக்கப் போட்டது. 1990களில் மர விற்பனை குறைந்ததும் பராமரிப்புப் பணமும் குறைந்தது, நிறைய ரோடுகளை மூடினார்கள். 2005இல் விதி கொண்டுவந்து, வரைபடத்தில் குறித்த தடத்தில் மட்டும்தான் வண்டி போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மர லாரி ஓடும் ரோடுகளில் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போவார்கள், லோடு லாரிக்கு எல்லோரும் ஒதுங்குவார்கள். அங்கே பெரும்பாலும் அரசு நிலம், விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே தனியார் தோட்டமும் ரிசர்வும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன, அதனால் அந்த வீடியோவை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

குறுக்கே விழுந்த மரத்தை அறுத்து வழி செய்யலாமா? ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டும் கூடாது. தோட்டத்தில் என்றால் அது அவர் சொத்து, காட்டில் என்றால் வழக்கு. வண்டியில் ரம்பம் வைத்துக்கொண்டு ரிசர்வ் பக்கம் சுற்றுவதே வம்பு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்த துண்டை அப்படியே பின்னால் போட்டுக்கொண்டு செக்போஸ்டுக்கு வராதீர்கள், மரத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும், சந்தனத் துண்டு என்றால் யாரும் உங்களைக் காப்பாற்ற முடியாது. முட்டுக்கட்டையை வீட்டில் இருந்தே கொண்டுபோங்கள்.

சிக்கிய வண்டியை வின்ச் கம்பியால் இழுக்க எந்த மரத்தில் மாட்டுவது?

நம்பர் போட்ட மரம், பாதி அறுத்த மரம், ரோட்டு விளிம்பில் வேர் தெரிகிற மரம் மூன்றும் வேண்டாம். உயிரோடு இருக்கிற, உள்பக்க மேட்டில் நிற்கிற தடித்த மரமாகப் பார்த்து, அகலமான துணி ஸ்ட்ராப்பைச் சுற்றி மாட்டுங்கள். இரும்புக் கம்பியை நேராகச் சுற்றினால் மரப்பட்டை அறுந்து மரம் காயும், மிளகுக் கொடி இருந்தால் அதுவும் போச்சு. கூட இன்னொரு வண்டி இருந்தால் மரமே தேவையில்லை.

தோட்டக்காரரிடம் எப்படிக் கேட்பது?

முதலில் தோட்டக் கணக்கு வழக்கைப் பார்க்கிற ரைட்டரைப் பாருங்கள். முதலாளி பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார், தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் ரைட்டர்தான். "அண்ணா, இந்த வாரம் மரம் இறங்குதுங்களா, ரெண்டு வண்டி வரலாமுங்களா" என்று போனிலேயே கேட்கலாம். வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், இதை நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வெளியே வாருங்கள், கேட்டைத் திறந்தபடி விடாதீர்கள், குடிக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் லோடு முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போய் அடைத்த வாய்க்காலைத் திறந்து, அந்தக் குறுக்கு மேடுகளை மறுபடி போட்டுக் கொடுத்தோம். கல்லும் மண்ணும் அங்கேயே கிடந்தது, அரை நாள் வேலை. அடுத்த மழைக்கு ரோடு நின்றது. ரைட்டர் இப்போது வெட்டு தொடங்குவதற்கு முன்னால் அவரே கூப்பிட்டுச் சொல்கிறார்.

அப்படியென்றால் மரம் வெட்டுவதை எதிர்க்க வேண்டாமா?

அனுமதி இல்லாமல் வெட்டினால் எதிர்க்க வேண்டும், புகார் செய்ய வேண்டும். அனுமதியோடு, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு, தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருப்பவரை நான் எதிர்க்க மாட்டேன். எனக்குப் பயம் வேறு. மரமும் காப்பியும் கட்டுப்படியாகாமல் போனால் தோட்டம் பிளாட்டாகவும் ரிசார்ட்டாகவும் மாறும், மண் ரோட்டில் கான்கிரீட் போட்டு முனையில் செக்யூரிட்டி நிற்பார். சில்வர் ஓக் லாரி போன பாதை ரெண்டு மூன்று வருஷத்தில் மறுபடி திறக்கும், கான்கிரீட் போட்டுக் கேட் வைத்த பாதை திறந்து நான் பார்த்ததில்லை.

வெட்டு நடக்கும் மாதங்களில் சேலத்தில் இருந்து எந்த வழியாக ஏறுவது?

இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள முக்கிய ரோடு ஒன்று, குப்பனூர் கொட்டச்சேடு வழி இன்னொன்று. எந்த வழியில் வந்தாலும் வளைவில் லோடு லாரிக்கு முழு ரோடும் வேண்டும், ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் கிளம்புவதற்கு முன் மேலே யாருக்காவது போன் போட்டு ரெண்டு ரோடும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாலை இருட்டுவதற்குள் மண் ரோட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அந்த நேரத்தில் காட்டெருமைகள் காப்பிக்குள் இருந்து ரோட்டுக்கு வரும்.